எதிர்பாராமல் தேறியவை

கனாட்டா. பெப்ரவரி. காலை ஐந்து இருபது.
தரிப்பிடத்தில் பனியள்ளும் வண்டி
பின்னுக்கு வரும்போதெல்லாம் கூவுகிறது.
இரவு முழுக்க ஓடிய கம்பைலர் சோதனை
முடிந்து நிற்கிறது திரையில்:

தேறியவை பதினாலாயிரத்து முந்நூற்றிரண்டு.
தவறியவை எதுவுமில்லை.
எதிர்பார்த்தபடி தவறியவை அறுபத்தொன்று.
எதிர்பாராமல் தேறியவை மூன்று.

அந்த மூன்றுக்குத்தான் சிவப்பு.

"தேறினால் நல்லதுதானே?" என்று
வீட்டிலிருந்து எழுதுகிறாள் ஜோசலின்.
நேற்றுவரை அசையாத நோயாளி
திடீரென எழுந்து நடந்தால்
முதலில் கட்டில் இலக்கத்தைப் பார்க்கவேண்டும்
என்று எழுதி,
அனுப்பாமல் அழிக்கிறேன்.

எங்கள் மொழியில்
காய்ச்சல்காரரும் தேறுவார், மாணவரும் தேறுவார்.
தவறு என்றால் பிழை.
தவறிவிட்டார் என்றால்
பூ வாங்கிக்கொண்டு போகவேண்டும்.
இந்தக் கருவிக்கு இருப்பது
சுழியமும் சுழியமல்லாததும்.

முதலாவதைத் திறக்கிறேன்.
வேண்டுமென்றே பிழையாய் எழுதிய நிரல், ஒன்பது வரி.
கம்பைலர் இதை மறுக்கவேண்டும்.
ஆறு வருடமாய் மறுக்கவில்லை,
வா என்று உள்ளே விட்டது.
தெரிந்த குறை, பிறகு பார்ப்போம் என்று
யாரோ குறித்துவைத்த குறை.
நேற்றிரவு மறுத்திருக்கிறது.

ஏன் என்று பதிவேட்டில் இருக்கிறது, ஒற்றை வரியாய்:
இப்படியொரு ஆப்ஷன் எனக்குத் தெரியாது.

நிரலில் ஒரு எழுத்தையும் அது வாசிக்கவில்லை.
வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.
மறுத்தாயா என்று கேட்டது சோதனை.
மறுத்தேன் என்றது.
எதற்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.
மற்ற இரண்டும் அதே கதை.

வியாழக்கிழமை அந்த ஆப்ஷனின் பெயரை மாற்றியது
நான்.

மூன்றாம் தடவை சாரதிச் சோதனையில்
நானும் இப்படித்தான் தேறினேன்.
பனிப்புயல் வருகிறது என்று
பரிசோதகர் அவசரமாய் ஒப்பமிட்டார்.
இரண்டு வண்டிக்கு நடுவில் நிறுத்திக் காட்டு என்று
கேட்கவேயில்லை.
பதினொரு வருடமாய்
இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடக்கிறேன்.
நடை உடம்புக்கு நல்லதென்று
எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பழைய பெயரைப் புதிதாக்குகிறேன், மூன்று இடத்தில்.
மறுத்தால் மட்டும் போதாது,
எந்த வரியில், என்ன பிழைக்கு என்றும்
சொல்லவேண்டும் என எழுதுகிறேன்.
திரும்ப ஓடவிடுகிறேன்.
கோப்பி ஆறிவிட்டது. வெளியே இன்னும் இருட்டு.

எதிர்பார்த்தபடி தவறியவை அறுபத்துநான்கு.
சிவப்பு எங்குமில்லை.

"பச்சையாகிவிட்டதே, என்ன திருத்தினாய்?"
என்று கேட்கிறாள் ஜோசலின்.

தேறியிருந்த மூன்றையும்
தவறவைத்தேன்
என்று எழுதுகிறேன்.
இந்தமுறை அனுப்புகிறேன்.