பி-ஆறு

மூன்றாம் சுற்று முடிந்த மறுநாள்
குளிர்ப்பெட்டியைத் திறந்தேன்.
பால் டப்பா கடித்தது.
பாம்பு என்றால் நம்புவீர்கள்,
பால் என்றால் சிரிப்பீர்கள்.

அன்றிலிருந்து அடுப்புக் கையுறை மாட்டித்தான்
தக்காளி எடுக்கிறேன்.
வெளியே ஜெலுத்தோங் வெயிலில் தார் இளகுகிறது.
பினாங்குத் தீவே ஐஸ் கேட்டு வரிசையில் நிற்க,
வெதுவெதுப்பாய் ஒரு தம்ளர் தண்ணீரோடு நான்.

பதினெட்டு வருடம் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
அரிசி நுனியளவுச் சில்லுகளை
இடுக்கியில் திருப்பிப் பார்த்த விரல்கள் இவை.
இன்று சட்டைப் பொத்தான் மூன்று முறை நழுவுகிறது.
சந்திரமோகன் குனிந்து போட்டுவிடுகிறார்,
முதல் வகுப்புப் பிள்ளைக்குப் போடுவதுபோல்,
முகம் பார்க்காமல்.

நாத்தனார் புஷ்பலீலா
தங்க மூடி போட்ட புட்டியோடு வந்தாள்.
நூற்றெண்பது வெள்ளி, அதுவும் உறுப்பினர் விலை.
"நரம்புக்கு அண்ணி, பி-ஆறு. எல்லாம் ஆறிடும்."
சிலேடை என்று அவளுக்கே தெரியாது.

மேல்மாடி சியூ லான் ஒரு புட்டி தந்தாள்.
அவள் அம்மாவுக்கு வாங்கியதில் மீந்தது.
ஏன் மீந்தது என்று கேட்கவில்லை.
மருந்துக்கடையில் ஒன்று நானே வாங்கினேன்,
தண்ணீரில் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் பொங்குவது.
கவினேஷ் போனில் தேடி வரவழைத்தது இன்னொன்று.

யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
சொல்லவும் பிடிக்கவில்லை.
சொட்டுமருந்து என்னைக் கேட்டா இறங்குகிறது?
நாள் அவர்களுடையது, நாற்காலி அவர்களுடையது,
உதிர்ந்த முடிகூட ஏதோ கணக்கில் சேர்ந்துவிட்டது.
இந்த மஞ்சள் வில்லையை மட்டும்
நானே எண்ணி, நானே முடிவு செய்து
விழுங்கினேன்.

ஜி.எச்.சில் டாக்டர் ஹிதாயா மலாயில் கேட்டார்,
வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று.
இல்லை என்றேன்.
சந்திரமோகன் பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.
இருபத்தாறு வருடத்தில்
என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவர் திட்டவில்லை.
நான்கு புட்டியையும் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்து
சந்திப்பு அட்டையின் பின்னால்
ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.
கூட்டல் எனக்கும் வரும். தலைகீழாகவே கூட்டிவிட்டேன்.
நான்கிலும் அதே ஆறு.

"அளவுக்கு மேல் போனால் இதுவே மரத்துப்போக வைக்கும்.
எது கீமோ, எது இது என்று
இப்போது என்னால் சொல்ல முடியவில்லை."
பிறகு பேனாவை மூடிவைத்து,
"அடுத்த முறை மருந்தைக் கொஞ்சம் குறைக்கிறேன்.
நீங்கள் இதை நிறுத்துங்கள்" என்றார்.
பேரம்போல இருந்தது.
பிடித்திருந்தது.

திரும்பும் வழியெல்லாம் காரில் இருவரும் பேசவில்லை.
புட்டிகள் மட்டும் ஒவ்வொரு மேட்டிலும்
கிலுகிலுப்பையாய்க் குலுங்கின.
மூன்றைக் கொடுத்தவர்களிடமே கொடுத்துவிடலாம்.
சியூ லானுடையதை எப்படித் திருப்பித் தருவது?

போன் அடித்தது.
பச்சையை அழுத்த இரண்டு முறை பிடித்தது.
"பசியாறிட்டீங்களா அண்ணி?"
புஷ்பலீலாதான்.
புட்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இன்னும் இல்லை.
வரும்போது கொஞ்சம் ரசம் கொண்டு வா" என்றேன்.
"சூடாக.
ஆறுவதற்குள் வா."