படம் வரையாத மூன்று வருடங்கள்

கையில் இருநூற்று அறுபது லரி.
அதில் நாற்பது அக்கா க்வான்ட்சாவுடையது.
திருப்பித் தர வேண்டாம் என்றாள்.
அவள் அப்படிச் சொன்னால்
கட்டாயம் திருப்பித் தர வேண்டும்.

திபிலிசி ரயில் நிலையத்துக்கு அடியில், சுரங்கப் பாதையில்,
காலுறை விற்பவளுக்கும் சாவி வெட்டுபவனுக்கும் நடுவே
ஸாலின் கடை.
கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஹீட்டர்,
ஒரு நாற்காலி. நாற்காலியில் ஸால்.

இரண்டை எடுத்து வைத்தான்.

ஒன்று புதிது. உறை கிழியவில்லை.
நான்கு ஜிபி, ஒற்றை விசிறி, உள்ளங்கை நீளம்.
தனியாக மின்கம்பி கேட்காது,
போட்டதைத் தின்னும் பிள்ளை.
மூன்று வருட வாரன்டி, முத்திரையோடு.
இருநூற்று ஐம்பத்தைந்து.

மற்றது செங்கல்.
எட்டு ஜிபி, இரட்டை விசிறி,
முதுகுத் தகடு சூட்டில் பழுத்திருந்தது.
வாரன்டி?
"அதோ, அந்தப் படி ஏறும்வரை" என்றான்.
இருநூற்றுப் பத்து.

மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பான்,
பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.
நான் விசிறியை விரலால் தள்ளினேன்.
சுற்றியது. நிற்க மனமில்லாமல் நின்றது.
இறகுக்கு அடியில் ஒரு முடி.
பழுப்பு. நாயுடையது இல்லை.

"பசு" என்றான் ஸால்.
மலைமேல், ஸ்வானேத்தியில், ஒரு தொழுவம்.
கரன்ட்டுக்குக் காசு கேட்க யாரும் ஏறி வராத இடம்.
பன்னிரண்டு கார்டுகள் வரிசையாய்த் தொங்கி
இராப்பகலாய் நாணயம் தோண்டின.
பனிக்காலத்தில் அந்தச் சூட்டை ஒட்டிப்
பசுக்கள் படுத்துக் கிடந்தனவாம்.
"பாலும் கூடுதலாய்க் கறந்ததாம்.
நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே, நுக்ரி."

திரை எங்கே இருந்தது என்று கேட்டேன்.
"கணக்குப் போடத் திரை எதற்கு?"
பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.
துளைகளில் ரப்பர் மூடிகள்
தொழிற்சாலையில் சொருகியபடியே இருந்தன.

அதுவரை நான் வாட் கூட்டிக்கொண்டிருந்தேன்.
என் பவர் சப்ளை நானூற்றைம்பது,
அதுவும் அட்டையில் எழுதியிருப்பது.
புரொசசருக்கு இவ்வளவு, செங்கலுக்கு நூற்று எண்பது,
ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது.
நான்கு ஜிபியில் காடு வரும், இலை வராது.
மரங்கள் பச்சைக் களி அப்பியதுபோல் நிற்கும்.
எட்டில் இலை வரும்.
எரிந்துபோனால் ஒன்றும் வராது.
இரண்டுமே கையைக் கடிக்கிற விலை.
ஒன்று இன்றைக்கே கடிக்கும்,
மற்றது என்றைக்கென்று சொல்லாது.

ஆனால் அந்த மூடிகள்.

படம் வரையவென்றே செய்த ஒன்று
மூன்று வருடம்
ஒரு புல்லைக்கூட வரையாமல்
புல் தின்கிறவற்றின் பக்கத்தில் இருந்திருக்கிறது.

இரக்கப்பட்டுப் பொருள் வாங்கக் கூடாது, தெரியும்.
போன வருடம் இரக்கப்பட்டு வாங்கிய ஹெட்செட்டில்
இன்னும் இடது காதுதான் கேட்கிறது.

இருநூற்றுப் பத்தை எண்ணி வைத்தேன்.
சுரங்கப் பாதைப் படி ஏறினேன்.
வாரன்டி முடிந்தது.

எங்கள் லிஃப்ட் சில்லறை போட்டால்தான் ஏறும்.
என்னிடம் எல்லாம் தாள்.
கோட்டுக்குள் செங்கலோடு ஒன்பது மாடி.
ஆறாவதில் உட்கார்ந்து அதைக் காதில் வைத்துப் பார்த்தேன்,
எதற்கென்று தெரியாது.

க்வான்ட்சா நாற்பதை வாங்கிக்கொண்டாள்,
வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன பிறகு.
புருவம் பிடுங்கும் இடுக்கியால் முடியை எடுத்தாள்.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.
நான் ஒரு மூடியைக் கழற்றினேன். இறுக்கமாய் இருந்தது.

பொத்தானை அழுத்தினோம்.
விசிறிகள் இருமிக்கொண்டு கிளம்பின.
வைக்கோல் வாசனை வருமோ என்று மூக்கை நீட்டினேன்,
தூசி கருகுகிற வாசனைதான்.
திரை கறுப்பு.
திரை கறுப்பு.
க்வான்ட்சா என்னைப் பார்க்கவில்லை, அது அவள் நல்ல குணம்.

பிறகு மேல் இடது மூலையில்
சின்னதாய் ஒரு வெள்ளைக் கோடு.
மின்னியது. மறைந்தது. மின்னியது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

பொறு, என்றேன்.
இப்போதுதானே முதல் கோடு போடுகிறது.