ஆறு வாசல்

ஓவுலுவில் ஜனவரிச் சூரியன்
பத்தரைக்கு எழுந்து இரண்டுக்குப் படுத்துவிடும்.
நடுவில் இருக்கும் நேரத்திலும்
கூரைக்கு மேல் ஏறாது.
கடன் கொடுத்தவன் தெருவில் நிற்பதுபோல்
சுவரோரமாகவே நடந்து போகும்.

அதற்குள் நான் கடை திறந்து
ரசாயனத்தை முப்பத்தெட்டு டிகிரிக்கு ஏற்றி
பருத்திக் கையுறை மாட்டி உட்கார்ந்திருப்பேன்.
கலர் ஃபிலிம் கழுவுவது என் பிழைப்பு.
கழுவியதை ஸ்கேன் செய்து
வெளிறியதைத் திருத்தித் தருவது
யாரும் கேட்காமலே நான் செய்யும் உபகாரம்.

துலிக்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
நகராட்சியின் பனிவாரி வண்டி ஓட்டுகிறவள்.
பூட்ஸிலிருந்து உதிர்ந்த சரளைக்கல்
என் தரையெல்லாம்.
ஒரே ஒரு சுருளை மேஜையில் வைத்தாள்.
பழைய சாமான் சந்தையில்
முப்பது யூரோவுக்கு வாங்கிய மடக்குக் கேமரா.
லென்ஸ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு,
பூச்சு கிடையாது, என்றாள்,
ஏதோ நாய்க்குட்டியின் சாதியைச் சொல்வதுபோல.

பூச்சு என்பது
இக்காலத்து லென்ஸின் நெற்றியில் தெரியுமே,
மயில்கழுத்தும் கத்தரிப்பூவுமாய் ஒரு மினுக்கல்.
அது இல்லாத கண்ணாடி
டம்ளரில் வைத்த தண்ணீர் மாதிரி
வெறுமனே இருக்கும்.

உள்ளே நாலு கண்ணாடி.
காற்றைத் தொடும் முகங்கள் ஆறு.
ஆறு வாசலிலும் சுங்கம்,
வருவதில் நூற்றுக்கு ஐந்தைத்
திருப்பி அனுப்பிவிடும்.
திருப்பி அனுப்பிய வெளிச்சம் வீட்டுக்குப் போகுமா?
வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே முட்டி மோதி
பாதை தவறி
கடைசியில் ஃபிலிம் முழுக்க உதிரும்.
பனி விழுந்த இடத்தில் பனி தெரியாது.
இருட்டில் விழுந்ததுதான் தெரியும்.

அதனால்தான் அந்தச் சுருளில்
தொப்பிலா துறைமுகத்துக் கிரேனின் சிவப்பு
நூறு முறை துவைத்த சிவப்பாய் இருந்தது.
பனியின் நிழல் நீலமில்லை,
நீலத்தை நினைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று.
தெருவிளக்கைச் சுற்றி
யாரோ மூச்சுவிட்ட கண்ணாடிபோல் ஒரு வட்டம்.

பாவம், பழைய லென்ஸ், என்றேன் எனக்குள்.
கலரையே பார்க்காமல் பிறந்தது.
கறுப்பைக் கீழே இழுத்தேன்.
சிவப்புக்கு முதுகெலும்பு வந்தது.
முப்பத்தாறு படமும் பளிச்சென்று நின்றன.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தாள்.
வண்டியை அணைக்காமலே வந்திருந்தாள்,
கடை ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது.
ஒன்பதாவது படத்தில் விரலை வைத்தாள்.

சமையலறை ஜன்னல். ஜன்னலில் சூரியன்.
அதற்கு முதுகு காட்டி ஒரு ஆள்,
தார் ஊற்றியது போல் முழுக் கறுப்பு.

என் அண்ணன் தாயிஸ்தோ, என்றாள்.
இருபது வருஷமாகப் படம் எடுக்க விடமாட்டான்.
வெளிச்சத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால்
முகம் விழாது என்று
யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.
அன்று அவன் சிரித்தான். நான் பார்த்தேன்.
எங்கே?

பதில் சொல்லவில்லை நான்.
நெகட்டிவை மறுபடி தட்டில் வைத்தேன்,
எதையும் தொடாமல் ஸ்கேன் செய்தேன்.
திரை பாலாக விரிந்தது.
ஜன்னல் கரைந்து அறைக்குள் வழிந்தது.
அந்தப் பாலுக்கு அடியில்,
வழி தவறிய அந்த நூற்றுக்கு ஐந்துகளின் தயவில்,
முதலில் ஸ்வெட்டரின் பச்சை.
பிறகு ஒரு காது.
பிறகு
முன்பல் ஒன்று இல்லாத வாய்,
நன்றாகத் திறந்து.

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.
வெளியே ஒரு காரன் ஹார்ன் அடித்தான்,
பனிவாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

காசு வேண்டாம் என்றேன்.
வேலைக்குக் கூலி உண்டு, என்று எண்ணி வைத்தாள்.
இரண்டு பிரதி போடு.
வெளிறியது எனக்கு,
வண்டியில் வெயில்மறைப்புக்குப் பின்னால் வைக்க.

மற்றது?

அந்தக் கறுப்பும் வேண்டும்.
கேட்டால் அவனிடம் காட்ட.