செட்டில்டு

பனச்சமூட்டில் ஒரு கடைக்கு வாசல் தமிழ்நாட்டில்,
அடுக்களை கேரளத்தில்.
என் போனுக்கும் அதே குழப்பம்.
மீன் வாங்கித் திரும்புவதற்குள்
இரண்டு மாநிலமும் ஒருமுறை வரவேற்றுவிடும்.

வங்கிக்குக் குழப்பமே இல்லை.
அஜின் சார் கணினியை என் பக்கம் திருப்பினார்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஜெயகுளோரி, வயது நாற்பத்தொன்று,
முந்நூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் நடுவே
எந்தப் படியில் நிற்கிறாள் என்று
என்னைப் பார்த்திராத யாரோ
எண்ணி வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்டது ஷீட் அடிக்கும் ரோலருக்கு.
ஒட்டுப்பாலாக விற்றால் கை நாறும், காசும் கம்மி.
"எங்க சாரே தப்பு?"
விரலால் ஒரு வரியைத் தொட்டார்.
பிரிட்ஜ். மூன்று வருடம் முன்பு வாங்கியது.
அதன் எதிரே ஒரே சொல்:
செட்டில்டு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அந்தச் சொல்லுக்காக எங்கள் ஊரில் உபவாசம் இருப்பார்கள்.
கொழுந்தன் ஷார்ஜாவில் செட்டில்டு.
மகளை எப்போ செட்டில் ஆக்கப்போற என்று
ஆராதனை முடிந்து செருப்பைத் தேடுவதற்குள்
மூன்று பேர் கேட்பார்கள்.
கடைசியில் நானே செட்டில்டு,
அதுவும் அச்செழுத்தில்.

"அது நல்ல வார்த்தை இல்லக்கா.
முழுசும் கட்டாம பேசி முடிச்சவங்கன்னு அர்த்தம்.
குளோஸ்டுன்னு இருக்கணும்."

அது இடவப்பாதி மழை.
நாற்பது நாள் மரத்தில் கத்தி வைக்கவில்லை.
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்ட
முதலாளிக்கு மனம் வரவில்லை.
வெட்டில்லாத நாளுக்குக் கூலி இல்லை.
தவணை மட்டும் ஐந்தாம் தேதி
குடை பிடித்து வந்தது.
வெறுங்கையோடு திரும்பிய ஒவ்வொரு முறைக்கும்
தனியாக ஐந்நூறு.
பிறகு ஒரு குரல், தேனில் தொட்ட மலையாளம்:
சேச்சி, பதினோராயிரம் அடச்சால் மதி,
பாக்கி ஏழாயிரத்து நானூறு விட்டேக்காம்.
போனில்தான் என்றாலும்
கை குவித்துக் கும்பிட்டேன்.
விட்டுத்தந்தார்கள்.
விட்டுத்தந்ததை எழுதியும் வைத்தார்கள்.

எனக்குக் கணக்கு வராது, மரம் வரும்.
பாதிச் சுற்றில்தான் வெட்டு.
மறுபாதி வரும் வருடங்களுக்கு.
ஒருநாள் விட்டு ஒருநாள், நகக்கனம் சீவல்.
தூக்கக் கலக்கத்தில் கத்தி தடியைத் தொட்டுவிட்டால்
அந்த இடம் முண்டாகும்.
பட்டை திரும்ப வளரும், வழவழப்பு வராது.
பால் அந்த முண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கும்,
வருடக்கணக்கில்.

கார்டு கிடைத்தால் முப்பது சதவீதத்தோடு நிறுத்துங்க என்றார்.
ஒரே மாதத்தில் நாலு வங்கியில் கேட்காதீங்க என்றார்.
"அப்போ ஒரே நாள்ல மரத்துக்கு
நாலு பக்கமும் சிரட்டை கட்டப்பிடாது,
அப்படித்தானே?"
அவர் டவுன்காரர், மரம் தெரியாது.
மரியாதைக்கு ஆமா என்றார்.

மூன்று சாக்கு ஒட்டுப்பால் விற்றுப்
பாக்கியைக் கட்டப் போனேன்.
கவுண்டர் பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம்:
முடிஞ்ச கணக்குக்கு ஏன் கட்டுறீங்க?
முடியலைன்னு எழுதி வச்சிருக்கியளே மக்கா.
மேலதிகாரியைக் கேட்டு வந்தாள்,
டீ குடிக்கப் போனாள், வந்தாள்,
ரசீது அடித்தாள்.
பாக்கியில்லை என்ற கடிதம் இரண்டு வாரத்தில் வந்தது,
பெயரில் ஒரு எழுத்துக் குறைவாக.
அதைத் திருத்த இன்னொரு மனு,
இன்னொரு முப்பது நாள்.

இப்போது அறுநூற்று ஐம்பத்தாறு.
ரோலருக்கு இது போதாதாம்.
விடிகாலை மூன்றரைக்கு
நெற்றி விளக்கோடு தோட்டத்தில் நிற்கிறேன்.
பழைய முண்டுக்கு ஒரு விரல் தள்ளிக்
கத்தியை வைக்கிறேன்.

போன ஞாயிறும் ரோஸ்பாய் கேட்டாள்,
எப்போதான் நீங்கல்லாம் செட்டில் ஆவியோ?
வேண்டாம் மைனி, குளோஸ் ஆனால் போதும் என்றேன்.
சாவைச் சொல்கிறேன் என்று நினைத்து
வாயைப் பொத்திக்கொண்டாள்.
விளக்கலாம் என்று திரும்பினால்
காணிக்கைப் பை வந்துவிட்டது.