சனிக்கிழமை வரவிருப்பவர்களுக்கு

சிவகௌரி, வாசுகி, ஞானசேகரம் சேர்,
கவுண்டரில் வரிசை நிற்கையில்
ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல ஏலாது.
அதனால் எழுதுகிறேன்.

காலை ஒன்பதரை, பாசையூர்க் கோவில்.
ராகுகாலம்தான், நானும் பார்த்துவிட்டேன்.
பாதருக்கு அந்த நேரம்தான் வசதி.
ஒருவரும் அன்றைக்கு வந்து
என் காதில் அதைச் சொல்ல வேண்டாம்.

செருப்போடு உள்ளே வரலாம்.
கால் கூசினால் கழற்றுங்கோ,
ஆனால் வாசலில் விடாமல் வாங்குக்குக் கீழே தள்ளி வையுங்கோ.
இங்கத்தை நாய்கள் ஞானஸ்நானம் பெற்றவை அல்ல.

எல்லாரும் எழும்பினால் எழும்புங்கோ.
முழந்தாளிட்டால் நீங்கள் சும்மா இருக்கலாம்,
சேரின் முழங்கால் அந்தோனியாருக்கும் தெரியும்.

தாலி உண்டு, மேளம் இல்லை.
கட்டுகிற நேரம் கீபோர்ட் கொஞ்சம் உரக்க வாசிக்கும், அதுதான் அடையாளம்.
அட்சதை கொண்டுவந்தால் கைப்பைக்குள் இருக்கட்டும், மண்டபத்தில் போடலாம்.
கோவில் கூட்டுகிற மடுத்தீன் அண்ணை
ஒவ்வொரு அரிசிக்கும் என்னைத்தான் ஏசுவார்.

நன்மை வாங்க ஆக்கள் வரிசையாய்ப் போவினம்.
பிரசாதம் என்று நினைத்துப் பின்னால் போக வேண்டாம்.
அந்தோனிப்பிள்ளையின் மகளின் கலியாணத்தில்
சேர் போய் நின்றவர்,
பாதர் திருநீற்றுக்கு மேலே
ஒரு சிலுவை கீறி அனுப்பினவர்.
நான்கு வருஷமாக என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

என் சேலை சந்தன நிறம்.
தலையில் நெற் இல்லை.
ஏன் இல்லை என்று ஆரும் உங்களிடம் கேட்டால்
தெரியாது என்று சொல்லுங்கோ,
உங்களுக்குத் தெரியும் என்றாலும்.

பிறகு நாங்கள் கை பிடித்துச் சொல்லுவோம்,
இன்பத்திலும் துன்பத்திலும், நலத்திலும் நோயிலும்,
என் வாழ்நாளெல்லாம்.
இதே படியில் நின்று
எமிலியானுக்கும் இதைச் சொன்னவள் நான்.
அவருடைய வாழ்நாள் ஒரு வாடைக் காற்றோடு முடிந்தது.
என்னுடையது மிஞ்சிக் கிடந்தது,
பதினொரு வருஷம்.
மரியநேசன் இளவாலைத் தபாற்கந்தோரில் வேலை.
குறைவாகத்தான் கதைப்பார்.
அவரும் இதை ஒருமுறை வேறொருத்திக்குச் சொன்னவர்தான்.
எங்கள் இருவரின் குரலும் நடுங்கினால்
வயது என்று நினையுங்கோ.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று.
தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று.
ஒருவரும் தெரிவிக்கவில்லை.
முதல் ஞாயிறு மட்டும்
பின்னால் ஒரு வாங்கு கிரீச்சிட்டது.
திரும்பாமலே எனக்குத் தெரியும்,
எழும்பிப் போனது புளோறன்ஸ் மச்சாள்,
எமிலியானின் அக்கா.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம்.
புரட்டாதிச் சனி பிடிக்கிறவைக்கு வேறு அடுப்பு, வேறு அகப்பை,
சமைக்கிறவர் கோண்டாவில் ஆள்.
ரோல்ஸ் தட்டு வந்தால் கேட்டுவிட்டு எடுங்கோ.

இன்னும் ஒன்று, சிவகௌரி, இது உங்களுக்கு.
நன்மைக்குச் சற்று முதல், பாதர் சொன்னதும்
பக்கத்தில் இருக்கிறவர் திரும்பிக் கைகூப்பி
சமாதானம் என்பார்.
முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும்
நீங்களும் திருப்பிச் சொல்ல வேண்டும்.
நான் அந்த நேரம் முன்னால் நிற்பேன்,
பின்னுக்குத் திரும்பிப் பார்க்க ஏலாது.
உயரமாய், மெலிந்து,
ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம் கட்டின ஒரு மனுஷி
கதவோரமாய் வந்து இருந்தால்
நீங்கள் அவவுக்குப் பக்கத்தில் போய் இருங்கோ.
முதலில் நீங்கள் சொல்லுங்கோ.

பதில் சொன்னாவோ, பேசாமல் இருந்தாவோ,
லீவு முடிந்து வந்து
நானே உங்களிடம் கேட்கிறேன்.
போனில் வேண்டாம்.