அணைக்கும் முன்

ஆயிரத்து நூறு ரியாலுக்கு வாங்கினேன்.
அதன்பின் ஆயிரத்து நானூறு செலவழித்திருக்கிறேன்.
ஸோஹாரில் ஷிஃப்ட் முடித்து வியாழன் இரவு வரும் மாசிலன்
காந்தத்துக்கு அடியில் ரசீதுகளைப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான்.
யாரிஸ் என்ற சொல்
தொண்டை வரை வந்து
தண்ணீரோடு இறங்கிவிடுகிறது.

இரண்டாயிரத்து ஒன்பது மாடல். சிவப்பு.
கூரை மட்டும் வெயில் தின்று
ஈறு நிறமாகிவிட்ட சிவப்பு.
சாவியைத் தரும்போது துர் முகம்மது
பானெட்டில் கைவைத்து பலூச்சியில் அதனிடம் ஏதோ சொன்னார்.
என்னிடம் இந்தியில்:
எண்ணெய் பார், தண்ணீர் பார்,
வெப்ப முள்ளை நம்பாதே.

ஆகஸ்டில் அது பாதி வண்டி.
நாற்பத்தேழு டிகிரிக் காற்றை விழுங்கி
டர்போவுக்கே மேல்மூச்சு.
வாதி கபீர் சிக்னலில்
பிரியாணிப் பெட்டி கட்டிய பைக் முந்திப் போகும்.
உள்ளே பிளாஸ்டிக்கெல்லாம் பிஸ்கட்:
தொட்ட குழாய் ஒடியும், தொடாத குழாய் கசியும்.
போன வருடம் வாட்டர் பம்ப்.
இந்த வருடமும் வாட்டர் பம்ப்.

நவம்பரில், காலையில் உயிர்ப்பிக்கும்போதெல்லாம்
காய்ச்சல்காரன் போல உதறியது.
ஷஃபீகுல் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்தான்.
வால்வுகளின் கழுத்தில்
கறுப்பாய், கெட்டியாய், அடுக்கடுக்காய்.
எனக்குத் தெரியும் இது.
பதினோரு வருடமாக ரூவியில்
ஊர்பேர் தெரியாத வாய்களில் இதைத்தான் சுரண்டுகிறேன்.

மறுநாள் பழைய ஸ்கேலர் நான்கைத்
துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.
சிரித்தான். நான் கையுறை மாட்டினேன்.
எட்டு வால்வுகள்.
இங்கே மட்டும் வாய் மூடியிருக்க வேண்டும்,
திறந்திருந்தால் துகள் உள்ளே விழும்.
என் வேலையில் ஒருவரிடமும் சொல்லாத வாக்கியத்தை
ஓர் இரும்பிடம் சொன்னேன்: மூடு, நன்றாக மூடு.
ஆறாவதில், கேட்காமலே,
ஒரு ஸ்கேலர் ஷஃபீகுல் கையில் இருந்தது.
குனிந்தபோது பார்த்தேன் அவன் கீழ்வரிசையை,
வெற்றிலையும் பத்து வருடமும்.
ஞாயிறு மதியம் வா, காசு வேண்டாம் என்றேன்.
அவன் வரவில்லை.
ஸ்கேலரும் வரவில்லை.

ஜனவரி வெள்ளி, விடிவதற்குச் சற்று முன்
ஆமிராத் மலைச்சாலை.
மிதித்ததும் ஒரு யோசனை அதற்கு,
கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமெடுக்கும் குழந்தையின் யோசனை.
பிறகு முதுகில் யாரோ கைவைத்துத் தள்ள
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்,
பாறை, பாறை, வளைவு,
கீழே முழு மஸ்கட்டும் விளக்கணைக்க மறந்து கிடந்தது.
கோடையில் கடன்போன குதிரைகள்
ஒன்று குறையாமல் வந்து நின்றன.
கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த மாசிலன்
உச்சியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்:
பெட்ரோல் எவ்வளவு இருக்கு?
என்ன அர்த்தத்தில் என்று
இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்து, தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தி,
அவன் சாவியை நோக்கிக் கை நீட்ட
தடுத்தேன்.
உடனே அணைக்கக் கூடாது.
ஒரு நிமிடம் எண்ணெய் ஓடட்டும்,
உள்ளே அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவன் பெல்ட்டைக் கழற்றவில்லை.
விசிறி இரைந்தது. எங்கோ உலோகம்
டிக் டிக்கென்று சுருங்கியது.
அணைக்கவா, என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்தான்.

இன்னும் இருபது செகண்ட் இருக்கு.