விரல் அகலம்

வல்திவியாவில் ஒன்பதாவது நாளாக மழை.
விறகு ஈரம்; அடுப்பு எரிவதைவிட இருமுகிறது.
ஆற்றோர மீன்சந்தையில் கடல்சிங்கங்கள்
கடன்காரர்கள் மாதிரிக் கத்துகின்றன.

ஒரு வரிக் கட்டளைதான்.
என்டர் தட்டிவிட்டுக் கையை உதறினேன்.
இரண்டாயிரத்துச் சொச்சம் பொதிகளில்
மூலம் காட்டாதவை நான்கு என்றது திரை.
பத்து வருஷமாய் லினக்ஸ்காரி என்று
இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

திரையட்டையின் டிரைவரை முதலில் கழற்றினேன்.
எழுத்துகள் ஒரு கணம் நடுங்கின,
பிறகு அதே எழுத்துகள்.
படகு டிக்கெட், டீசல், மாலுமி சம்பளம்:
என் கணக்குக்கு இத்தனை நாள்
எதற்கு அவ்வளவு பளபளப்போ.

ஓர் எழுத்துரு. போனதே தெரியவில்லை.

அடுத்தது, ஆர்.ஏ.ஆர். கோப்புகளைப் பிரிக்கும் நிரல்.
விரல் அங்கே நின்றது.
"ஓதிலியாவுக்கு" என்று ஒரு கோப்பு,
ஃபாபியோ வீட்டைவிட்டுப் போன பிறகு அனுப்பியது.
பதின்மூன்று வருஷம் பிரிக்காமல் வைத்திருந்தேன்.
கட்டற்ற நிரலிடம் நீட்டினேன்;
பாதி கடித்து, பல் கூசுகிறது என்று துப்பிவிட்டது.
கழுத்தைப் பிடித்துத் தள்ளவிருந்தவனையே கூப்பிட்டு
கடைசியாக இதை மட்டும் செய் என்றேன்.
வெட்கம்தான்.

உள்ளே கடிதம் இல்லை.
இந்த அடுப்புக்கான தவணை ரசீதுகள் பதினெட்டு,
ஸ்கேன் செய்து, மாத வரிசையில்.
கடைசி நான்கின் தேதியை
இரண்டு முறை பார்த்தேன்.
போன பிறகு கட்டியிருக்கிறான்.

நிரலை நீக்கட்டுமா என்று கேட்டது.
ஆம்.

மிச்சம், வைஃபை சில்லின் ஃபர்ம்வேர்.
என்ன பேசுகிறது, யாரிடம் பேசுகிறது,
கம்பெனிக்கே வெளிச்சம்.
நீக்கினேன். மறுதொடக்கம்.
மூலையில் இருந்த விசிறிப் படம் காணோம்.

பக்கத்து வீட்டு ஓயார்சூனிடம் போனேன், சொட்டச் சொட்ட.
அவர் வீட்டு இணையத்தில் பாதிக் காசு என்னுடையது.
"கெட்டுப்போச்சா?"
"இல்லை. நானே எடுத்துப்போட்டேன்."
தாடையைச் சொறிந்தார்.
மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல்
இருபது மீட்டர் நீலக் கேபிளைக் கொண்டுவந்து
இரண்டு நுனியையும் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

வேலி தாண்டி, மொட்டைப் பிளம் மரக் கிளை சுற்றி,
சன்னலுக்குள்.
மறுபடி அதே கட்டளை.
பூஜ்யம்.

பயாஸ் இருக்கிறது, தெரியும்.
எந்தப் பட்டியலிலும் தலை காட்டாமல் அடியில் கிடக்கிறது.
அதை இன்னொரு மழைக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு,
கேபிள் நுழைந்த இடத்தில்
சன்னல் சாத்த மாட்டேன் என்கிறது.
விரல் அகலத்துக்குச் சாரல்.
அந்த அகலத்துக்கே
கடல்சிங்கங்கள்.